நலவாழ்வுப் பாடமும் லயத்து வாழ்வும்: தேயிலைத் தோட்டப் புனைகதைகளை முன்வைத்து ஒரு நோக்கு

உடல்நலம் பற்றிய அறிவுரையும் ஒருவகைப் பனுவலே. அதற்குக் கூற்றுவோன் உண்டு, கேட்போன் உண்டு, கூறப்படாது விடப்பட்ட பொருளும் உண்டு. கைகளைக் கழுவுங்கள், நீரைக் கொதிக்கவைத்துப் பருகுங்கள், கீரையும் முட்டையும் உண்ணுங்கள், சுற்றாடலைப் பேணுங்கள் என்னும் வாக்கியங்கள் யாவும் ஏவல் வினையால் முடிவன. ஏவப்பட்டதைச் செய்வதற்குரிய ஆற்றலும் வசதியும் கேட்போனிடம் உள்ளன, குறைவது அறிவு ஒன்றே என்னும் எடுகோள் ஒவ்வோர் ஏவல் வாக்கியத்தின் அடியிலும் மறைந்து கிடக்கிறது. பின்தங்கிய சமூகங்களுக்கு நலவாழ்வையும் நிலைபேறான வாழ்க்கை முறையையும் கற்பிக்க முனையும் எந்த முயற்சியும் முதலில் இவ்வெடுகோளை உரைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற உரைகல்லாக அமைவது தேயிலைத் தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்ட புனைகதை இலக்கியமாகும்.

திம்புள்ள என்பது உலகத் தேயிலைச் சந்தையில் ஒரு சுவையின் பெயர். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில், ஏறத்தாழ 3,500 அடி தொடக்கம் 5,500 அடி வரையான உயரத்தில், தலவாக்கலை, லிந்துலை, கொட்டகலை, பத்தனை முதலிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் தோட்டங்கள் இப்பெயரால் அறியப்படுவன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின் இம்மலைகள் தேயிலைக்கு மாறின. தை தொடக்கம் பங்குனி வரை வீசும் உலர்ந்த குளிர்காற்றே திம்புள்ளத் தேயிலைக்கு அதன் தனித்த நறுமணத்தை அளிக்கிறது என்பர். மழை ஒதுங்கி நிற்கும் அம்மாதங்களில்தான் லயங்களின் பீலிகளில் நீரும் சுருங்குகிறது. சந்தையில் விலையை உயர்த்தும் அதே காலநிலை பீலிக்கரையில் குடங்களின் வரிசையை நீட்டுகிறது. கை கழுவுதல் பற்றிய பாடத்தை இவ்வரிசையில் நிற்கும் பெண்ணின் நிலையிலிருந்து வாசிக்கும்போது அதன் பொருள் வேறாகிவிடுதல் கண்கூடு.

இவ்வேறுபாடு அற்பமானதன்று. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றோராயிருக்க, பெருந்தோட்டத் துறையில் அவ்வீதம் ஏறத்தாழ 32 ஆக இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சுகாதாரம் போதிக்கப்பட்டுவந்த ஒரு சமூகத்தின் நிலை இது. பாடம் பயனளிக்கவில்லை எனின், மாணவரை மட்டும் நொந்து பயனில்லை. பாடத்தையும் விமர்சனத்துக்குட்படுத்துதல் வேண்டும்.

பாடத்தின் வரலாறு

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது 1872 இல் ஆகும். கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தொழிலாளர் வழியிலும் லயங்களிலும் பெருந்தொகையாக மாண்ட நிலையே அச்சட்டத்துக்கு வழிவகுத்தது. உழைப்பாளரின் நலம் உழைப்பின் தேவையை ஒட்டியே எண்ணப்பட்டது என்பது இச்சட்டத்தின் பிறப்பிலேயே புலனாகும். 1912 இல் அது விரிவாகத் திருத்தியமைக்கப்பட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியும், அங்கு கலவை மருந்து அளந்து கொடுத்த மருந்துக்கார ஐயாவும் இவ்வமைப்பின் கண்கூடான வடிவங்களாயினர்.

சிகிச்சை என்பதிலிருந்து போதனை என்பதற்கு நகர்ந்த முதற் பெருமுயற்சி 1916 இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமாகும். அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் இதற்கு உறுதுணையாக நின்றது. ஈரமண்ணில் கிடக்கும் கொக்கிப்புழுவின் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுந்து, குடலிற் பற்றி நின்று குருதியை உறிஞ்சுவது. விளைவு இரத்தச்சோகை, சோர்வு, கருவுற்ற தாய்க்கும் கருவிலுள்ள சிசுவுக்கும் ஆபத்து. துரைமாரின் குறிப்பேடுகளில் சோம்பல் எனப் பதிவுபெற்ற குணம் பெரும்பாலும் இந்நோயின் அறிகுறியாயிருந்திருத்தல் கூடும் என்பதை நோக்கும்போது, ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட பழியின் தன்மை விளங்கும்.

புழுவை வெளியேற்றும் மருந்து பல்லாயிரவர்க்குக் கொடுக்கப்பட்டது. ஆயின் மலசலகூடங்கள் போதிய அளவில் அமைக்கப்படவில்லை. அமைக்கும் செலவை ஏற்கத் தோட்டச் சொந்தக்காரர் பலர் தயங்கினர். மருந்துண்டு குணமானவர் அதே மண்ணில், அதே வெறுங்காலுடன் மீண்டும் நடந்தனர், மீண்டும் நோயுற்றனர். மருந்தும் போதனையும் தொழிலாளியை நோக்கிச் செலுத்தப்பட்டன. கட்டடம் முதலாளியை நோக்கிக் கோரப்பட்டது. முதலிரண்டும் எளிதில் நிறைவேற, மூன்றாவது இழுபறிப்பட்டது. பின்வந்த சுகாதாரப் போதனைகள் பலவற்றின் தலைவிதியும் இவ்வரலாற்றில் முன்னுரைக்கப்பட்டுள்ளது எனலாம்.

இவ்விடத்தில் ஓர் ஒப்புமை பொருத்தமுடையது. 1925 இல் தொடங்கப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையின் சென். கூம்ஸ் தோட்டத்தில், திம்புள்ளப் பிரதேசத்தின் நடுவே அமைந்துள்ளது. தேயிலைச் செடி வாடினால் ஆய்வாளர் மண்ணைச் சோதிக்கின்றனர், வடிகாலை நோக்குகின்றனர், நிழல்மரத்தை ஆராய்கின்றனர். வாடாதிருக்குமாறு செடிக்கு எவரும் அறிவுரை கூறுவதில்லை. செடிக்குக் கிடைத்த இவ்விஞ்ஞான நோக்கு அச்செடியின் கொழுந்தைப் பறிப்பவளுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

வைத்தியர் கதாநாயகராகும்போது

தேயிலைத் தோட்டச் சுகாதாரத்தை நேர்ப்பொருளாக எடுத்துக்கொண்ட இரு நாவல்கள் ஆங்கிலத்தில் தோன்றின. ஒன்று முல்க் ராஜ் ஆனந்த் 1937 இல் வெளியிட்ட இரண்டு இலைகளும் ஒரு மொட்டும் என்னும் அஸாம் தோட்ட நாவல். மற்றையது பி. எச். டேனியல் 1969 இல் எழுதி வெளியிட்ட செந்தேநீர் என்னும் பொருள்படும் பெயருடைய ஆனைமலை நாவல். இது 2007 இல் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் எரியும் பனிக்காடு என்ற பெயருடன் தமிழுக்கு வந்தது. டேனியல் தாமே ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராகப் பணியாற்றியவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரு நாவல்களிலும் ஒரு வைத்தியர் மனச்சான்றின் குரலாக வருகிறார். ஆனந்தின் டி லா ஹவர் என்னும் ஆங்கில வைத்தியர், தோட்டத்தில் பரவும் நோய்களின் மூலம் அசுத்த நீரே எனக் கண்டு, தூயநீர் வழங்கும் திட்டமொன்றை முன்வைக்கிறார். முகாமையாளர் குரொப்ட் குக் அதனை ஏற்க மறுக்கிறார். வைத்தியர் ஈற்றிற் பதவியிழக்கிறார். நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்குமாறு கூலிகளுக்கு உபதேசித்திருந்தால் அவர் பதவியில் நீடித்திருப்பார். குழாயைக் கேட்டதாலேயே குற்றவாளியானார். சுகாதார அறிவு எவ்வெல்லை வரை அனுமதிக்கப்படும், எவ்வெல்லையில் அது அரசியலாக மாறும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் கதைப்பகுதி இத்துறையில் அரிது.

டேனியலின் நாவலில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மேஸ்திரியின் ஆசைவார்த்தையை நம்பி மலையேறும் கருப்பனும் வள்ளியும் அடையும் துன்பங்களே பெரும்பகுதி. பிற்பகுதியில் வரும் ஆபிரகாம் என்னும் இளம் வைத்தியர் மருத்துவமனையைச் சீர்திருத்த முனைகிறார். காய்ச்சலும் வயிற்றோட்டமும் விதியல்ல, தடுக்கக்கூடிய நிகழ்வுகள் என்னும் உணர்வை நாவல் அவர்வழி நிலைநாட்டுகிறது. துறைசார் அறிவுடைய ஒருவர் எழுதியமையால் நோயும் சாவும் இந்நாவலில் வெறும் சோகக் காட்சிகளாகாது, காரண காரியத் தொடர்புடையனவாய்க் காட்டப்படுகின்றன. இதுவே அதன் தனிச்சிறப்பு.

எனினும் இவ்விரு நாவல்களுக்கும் பொதுவானதொரு வரம்புண்டு. அறிபவர் வைத்தியர், அனுபவிப்பவர் தொழிலாளர். நோயின் காரணத்தைத் தொழிலாளர் தாமே சிந்தித்து உரையாடும் இடம் இவற்றில் மிகக் குறைவு. நல்ல மனமுடைய வெளியாள் ஒருவர் வந்தாலன்றி விடிவில்லை என்னும் உட்கிடை, படைப்பாளிகள் விரும்பாமலே, கதையமைப்பிற் புகுந்துவிடுகிறது. இன்று தோட்டங்களுக்குச் சென்று கற்பிக்க விழையும் படித்த இளைஞர் தம்மையறியாது தரித்துக்கொள்ளும் வேடமும் இதுவேயாதலால் இவ்வரம்பைச் சுட்டுதல் அவசியமாகிறது.

புதுமைப்பித்தனின் துன்பக்கேணி (1935) இவ்விரண்டுக்கும் முற்பட்டது. இலங்கையைக் கண்ணாற் காணாமலே எழுதப்பட்ட அக்கதையில் மருதியின் உடல் ஒரு சமூகத்தின் சுரண்டலை ஏந்தும் களமாகிறது. அவளது நோய் அறியாமையால் வந்ததன்று. மறுக்கும் உரிமை இல்லாமையால் வந்தது. தோட்டப் பெண்ணின் உடல்நலம் அவளது உரிமைநிலையிலிருந்து பிரிக்க முடியாதது என்னும் உண்மையைத் தமிழ்ப் புனைகதை அத்துணை முற்காலத்திலேயே கண்டறிந்துவிட்டமை வியப்புக்குரியது.

மலையக எழுத்தாளரின் மறுமொழி

மலையகத்தின் உள்ளிருந்து எழுந்த இலக்கியத்துக்கு வரும்போது காட்சி மாறுகிறது. இங்கே வைத்தியர் கதாநாயகராவதில்லை. நோயைக்காட்டிலும் இடமே பேசப்படுகிறது. லயம், காம்பரா, பீலி, பிரட்டுக்களம், பிள்ளைக் காம்பரா என்பன வெறும் பின்னணியாக நில்லாது கதையை நடத்தும் சக்திகளாகின்றன.

சி. வி. வேலுப்பிள்ளை 1914 இல் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்தவர். 1947 பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். அவரைத் தெரிவுசெய்த மக்களுட் பெரும்பாலோர் 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களாற் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். எனவே திம்புள்ளப் பிரதேசத்தின் குரலாக அவரைக் கொள்ளுதல் எல்லாவகையிலும் தகும். ஆங்கிலத்தில் அவர் இயற்றி, சக்தீ அ. பாலையாவின் தமிழாக்கத்தில் 1969 இல் தேயிலைத் தோட்டத்திலே என வெளிவந்த நெடுங்கவிதை, உழைத்து மடிந்தோரின் உடலே தேயிலையின் உரமாயிற்று என்னும் உணர்வைத் தன் அடிநாதமாகக் கொண்டது. அவரது வீடற்றவன் நாவல் தொழிற்சங்கம் அமைக்க முனைந்தவன் வேலையோடு வீட்டையும் இழக்கும் கதையைக் கூறுவது. 1981 இல் அது நூலுருப்பெற்றது.

வீடற்றவன் என்னும் தலைப்பே நலவாழ்வு பற்றிய ஓர் ஆழ்ந்த விமர்சனமாகும். தோட்டத்தில் வீடென்பது வேலையின் நிழல். வேலை போனால் வீடும் போம். தனதல்லாத கூரையைச் செப்பனிடுவோன், தனதல்லாத முற்றத்தில் வடிகால் வெட்டுவோன் யார்? லயத்தைத் துப்புரவாக வைத்திருக்கத் தோட்ட நிர்வாகம் வாசற்கூட்டி என ஓர் ஆளை நியமித்திருந்தது. அதாவது துப்புரவும் நிர்வாகத்தின் பொறுப்பாய், நிர்வாகத்தின் சொத்தைப் பேணும் செயலாய் வைக்கப்பட்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக இவ்வாறு பொறுப்பு நீக்கம் செய்யப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தை நோக்கி, உங்கள் சூழலுக்கு நீங்களே பொறுப்பு எனத் திடீரெனப் போதிப்பதிலுள்ள முரண்பாட்டை இந்நாவலின் வாசகர் எளிதில் உணர்வர்.

தெளிவத்தை ஜோசப்பின் மீன்கள் என்னும் சிறுகதை இவ்வகையில் தலைசிறந்தது. வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே காம்பராவிற் படுத்துறங்க நேரும் குடும்பம். இருளில் ஆளறியாது தந்தையால் நேர்ந்துவிடும் ஒரு தொடுகை. அதன்பின் அம்மனிதனை வதைக்கும் நாணமும் குற்றவுணர்வும். இவ்வளவே கதையின் கரு. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் காம்பராவின் அளவு சுகாதார அறிக்கைகளில் நெருக்கடி, காற்றோட்டமின்மை, தொற்றுநோய் என்னும் சொற்களாற் குறிக்கப்படும். ஜோசப்போ அதே அளவு ஒரு குடும்பத்தின் மானத்தை எவ்வாறு தின்கிறது என்பதைக் காட்டுகிறார். உளநலம் என்னும் சொல் தோட்டச் சுகாதாரப் பேச்சிற் புழக்கத்துக்கு வருமுன்னரே அதன் பொருளை இக்கதை கண்டுவிட்டது. கதையின் மனிதனுக்கு ஒழுக்கம் பற்றிய போதனை எதுவும் வேண்டியதில்லை. அது அவனிடம் நிறைய உண்டு, அதனாலேயே அவன் துடிக்கிறான். அவனுக்கு வேண்டியது இன்னொரு காம்பரா.

என். எஸ். எம். இராமையாவின் ஒரு கூடைக் கொழுந்து வேறொரு கோணத்தைத் தருகிறது. 1980 இல் வெளிவந்த தொகுதிக்குப் பெயரளித்த அக்கதையில் கொழுந்து பறிப்பதில் ஓர் இளம்பெண் காட்டும் அசாதாரணத் திறன் ஐயத்துக்குள்ளாகிறது. அவள் அதனை நிலைநாட்டுகிறாள். தோட்டப் பெண்ணைப் பரிதாபப் பொருளாக மட்டும் கண்ட எழுத்துகளிடையே அவளைத் தொழில்வல்லாளாகக் கண்டமையே இராமையாவின் பெருமை. கற்பித்தல் பற்றிச் சிந்திப்போருக்கு இதில் ஒரு பாடமுண்டு. இரண்டு இலையையும் மொட்டையும் கணத்திற் பிரித்தறியும் கண், சரிவில் கால்பதிக்கும் நுட்பம், மழைமுகம் பார்த்துச் சொல்லும் அறிவு என்பன கல்வியின் பெறுபேறுகளே. அறிவற்ற வெற்றிடமொன்றினுள் நலவாழ்வறிவை ஊற்றப் புறப்படுவோர், அங்கே ஏற்கெனவே ஓர் அறிவு குடியிருப்பதைக் காணத் தவறுகின்றனர்.

பாடலும் பாடமும்

போதனையும் உரிமையும் ஒன்றாய் இணைந்த ஓர் எடுத்துக்காட்டு இம்மலையகத்திலேயே உண்டு. அட்டனைத் தளமாகக் கொண்டு 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசையரும், அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையும் துண்டுப்பிரசுரம், சிறுநூல், நாடகம், பாடல் என்பவற்றைத் தம் கருவிகளாகக் கொண்டனர். மீனாட்சி அம்மை இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்தை இயற்றினார். மக்கள் நன்கறிந்த மெட்டுகளில் அமைந்த இத்தகு பாடல்கள் கூட்டங்களிற் பாடப்பட்டன. எழுத்தறியாதார்க்கும் செவிவழி எட்டும் வடிவம் இது. பாடம் கேட்டவர் பாடலைத் தம்முடன் வீட்டுக்குக் கொண்டு சென்றனர். அடுத்த லயத்திற் பாடினர். அவ்வாறு கேட்டவரே கற்பிப்பவராயினர்.

மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் பணியும் இவ்வழியில் வைத்தெண்ணத்தக்கது. குளிர், அட்டைக்கடி, மழையில் நனைந்த கொழுந்துக்கூடை, தாயைப் பிரிந்து கிடக்கும் குழந்தை ஆகியன அப்பாடல்களின் பொருள். இவற்றைத் துன்பத்தின் வெளிப்பாடாக மட்டும் நோக்குதல் அரைநோக்கு. தம் உடலுக்கு எது தீங்கு செய்கிறது, அத்தீங்கு எவரால் நேர்கிறது என்பதை அம்மக்கள் அறிந்து பதிவுசெய்த வாய்மொழிச் சுகாதார ஆவணமாகவும் இவற்றைக் கொள்ளலாம்.

இவ்விலக்கியத்தின் குறைகள்

இலக்கியத்தைச் சான்றாகக் கொள்வோர் அதன் மௌனங்களையும் கணக்கிலெடுத்தல் வேண்டும். மலையகப் புனைகதையில் மூன்று மௌனங்கள் வெளிப்படையானவை.

முதலாவது, பெண்களின் வீட்டறிவு. வல்லாரையும் பொன்னாங்காணியும் பறித்துச் சமைக்கும் கை, கருவுற்றவளுக்கு எதை ஊட்டுவது, எதை விலக்குவது என்று கூறும் பாட்டி, பேறு பார்க்கும் மருத்துவிச்சி ஆகியோர் கதைகளின் ஓரத்தில் வந்து மறைகின்றனர். இவ்வறிவில் நன்மையானதும் உண்டு, கைவிடத்தக்கதும் உண்டு. இரண்டையும் பகுத்தாராயும் கதைகள் அரியன. கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை (1964) பெண்ணொருத்தியை மையமாகக் கொண்டு இயன்றமையால் இவ்வாழ்வின் சில பகுதிகளைத் தொடுகிறது. அவ்வழியிற் பின்வந்தோர் சிலரே.

இரண்டாவது, குடி. தவறணைக்குச் செல்லும் தகப்பன் கதைகளில் நிறையவே வருகிறான். ஆயின் அவன் வில்லனாகவோ நகைப்புக்குரியவனாகவோ வருகிறான். அன்றேல் சுரண்டப்படுபவன் குடிப்பது இயல்பே என்ற அனுதாபத்தால் விடுவிக்கப்படுகிறான். இரண்டுமே எளிய வழிகள். குடிப்பவனின் மனைவி சம்பளநாளன்று எதிர்கொள்ளும் கணக்கு எந்தச் சமூகப் பகுப்பாய்வாலும் குறைந்துவிடுவதில்லை.

மூன்றாவது, நோய்க்கு அமைப்பே காரணம் என்னும் உண்மை சிலபோது செயலின்மைக்குச் சாட்டாக மாறுதல். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியின்போது பயிரிடத் தமக்கென நிலமற்ற தோட்ட மக்கள் பட்டினியால் நலிந்தனர். சிசு மரணம் உயர்ந்தது. பின்வந்த ஆண்டுகளில் அது பெருமளவு குறைந்தது. தடுப்பூசி, மருத்துவமனைப் பேறு, குடும்பநல உத்தியோகத்தரின் வருகை, மலசலகூடங்கள் என்பன லயங்கள் லயங்களாகவே இருந்த காலத்திலேயே இம்மாற்றத்துக்கு உதவின. ஆகவே வீடும் நிலமும் கிடைக்கும்வரை எதுவும் இயலாது என வாதிடுவோர் கண்முன்னுள்ள சான்றைப் புறக்கணிப்போராவர். தாய்ப்பால் பற்றியும், கழிச்சலுற்ற குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஊட்டுதல் பற்றியும் கூறப்பட்ட நல்லதொரு பாடம் உயிர் காக்கிறது. விமர்சனம் பாடத்தை ஒழிப்பதற்கன்று, அதனை நேர்மையுடையதாக்குவதற்கே.

இன்றைய பாடம்

1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1970களின் பிற்பகுதியில் தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரசினாற் பொறுப்பேற்கப்பட்டன. 1945 இல் நாட்டுக்குக் கிட்டிய இலவசக் கல்வி இம்மக்களை எட்ட அத்துணைக் காலம் பிடித்தது. 1992 இல் தோட்ட முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி, மலையகத்துக்கு மலையகத்திலிருந்தே ஆசிரியரை ஆக்கியது. லயத்திற் பிறந்தவர் லயத்துப் பிள்ளைக்குக் கற்பிக்கும் நிலை உருவானமை, ஆனந்தும் டேனியலும் கற்பனை செய்யாத ஒரு மாற்றமாகும். வெளியிலிருந்து வரும் வைத்தியர் கதாநாயகரின் இடத்தை நிரப்ப வல்லவர் இவ்வாசிரியரே.

இன்று நலவாழ்வுப் பாடத்தோடு நிலைபேறு என்னும் சொல்லும் சேர்ந்துள்ளது. தேயிலைக்குச் சுற்றாடற் சான்றிதழ் பெறும் தோட்டங்களில் குப்பையைத் தரம்பிரித்தல், நீர்நிலை காத்தல், வீட்டுத்தோட்டம் செய்தல் என்பன பற்றி அறிவிப்புப் பலகைகள் நிற்கின்றன. நோக்கம் நன்று. ஆயின் வீசாதே, வெட்டாதே, கழுவாதே என்னும் அவற்றின் மொழி பழைய பிரட்டுக்களத்து மொழியின் வாடையை முற்றும் இழந்துவிடவில்லை.

வீட்டுத்தோட்டத்தையே எடுத்து நோக்கலாம். தனக்கெனச் சிறு துண்டு நிலத்தில் போஞ்சியும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் பயிரிடுவதில் தோட்டத் தொழிலாளி எவருக்கும் இளைத்தவரல்லர். ஆனால் அவர் மூன்று மாதத்திற் பலன்தரும் பயிரையே நடுவார். ஐந்தாறு ஆண்டிற் காய்க்கும் மரத்தை நடுவதற்குத் தயங்குவார். நிலத்துக்கு உறுதி இல்லாதவரின் நியாயமான கணக்கு அது. மண்ணரிப்பைத் தடுக்கும் கல்லணைக்கும், மண்ணுக்கு உயிரூட்டும் கூட்டெருவுக்கும் இக்கணக்கே பொருந்தும். நிலைபேறு என்பது காலம் பற்றிய கருத்து. நாளையும் இந்நிலம் தன்னிடமிருக்கும் என்னும் உறுதியுடையவரே நாளைக்காகப் பேணுவர். அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டத்தின்கீழ் வீடு பெற்ற குடும்பங்களின் முற்றங்களில் இக்கருத்தின் மெய்ப்பாட்டைக் காணலாம். எனினும் லயங்களில் வாழ்வோர் இன்னும் பல்லாயிரவர்.

கற்பிக்கப்படுவோரைக் கேளாது புகுத்தப்படும் நிலைபேறு எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதற்கு 2021 ஆம் ஆண்டு சான்று பகரும். அவ்வாண்டு இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, சில மாதங்களில் அத்தடை விலக்கப்பட்டது. 2022 இல் தேயிலை உற்பத்தி பல ஆண்டுகளிற் காணாத வீழ்ச்சியுற்றது. கொழுந்து குறைந்தால் நாளுக்குப் பறிக்கவேண்டிய கிலோவை எட்ட முடியாது. எட்டாவிடின் முழுநாட் சம்பளம் இல்லை. மண்ணைக் காக்கும் நோக்குடன் இடப்பட்டதாகக் கூறப்பட்ட கட்டளையின் சுமை, மண்ணை எவரினும் நெருங்கி அறிந்தவளின் கூடையிலேயே இறங்கிற்று. அவளிடம் எவரும் ஆலோசனை கேட்டதில்லை. அதையடுத்து வந்த பொருளாதார நெருக்கடியில் முட்டையும் பாலும் அவளது பிள்ளையின் தட்டிலிருந்து மறைந்தபோது, சமவிகித உணவு பற்றிய சுவரொட்டி மட்டும் பிள்ளைக் காம்பராவின் சுவரில் எஞ்சியிருந்தது எனின் அது மிகையாகாது.

முடிவுரை

தேயிலைத் தோட்டப் புனைகதைகளிலிருந்து நலவாழ்வுக் கல்விக்கான மூன்று அளவுகோல்களைப் பெறலாம். ஒரு பாடம் கேட்போரால் மாற்றக்கூடியதையும் பிறரால் மட்டுமே மாற்றக்கூடியதையும் வேறு பிரித்துக் கூறுகின்றதா? பின்னையதைக் கோரிப் பெறும் வழியையும் அது கற்பிக்கின்றதா? கேட்போரிடம் ஏற்கெனவே உள்ள அறிவிலிருந்து தொடங்குகின்றதா? கொக்கிப்புழு பற்றிய பாடம் மலசலகூடத்தைக் கோரும் விண்ணப்பத்தை எழுதுவதில் முடியுமாயின் அது முழுமையான பாடம். நீரைப் பற்றிய பாடம் பீலியின் ஊற்றுமுகம் எங்குள்ளது, அதன்மேல் என்ன தெளிக்கப்படுகிறது என்னும் வினாவுக்கு மாணவரை இட்டுச் செல்லுமாயின் அது விஞ்ஞானமும் குடியியலும் ஒருங்கே கற்பிக்கும்.

இதற்குப் புதிய பாடநூல்கள் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. மீன்கள் கதையைச் சுகாதார வகுப்பிலும், ஒரு கூடைக் கொழுந்தை விஞ்ஞான வகுப்பிலும் வாசிக்கலாம். இலக்கிய மாணவர் இவற்றைக் கதையமைதிக்காக மட்டும் கற்று விடைத்தாளில் எழுதி அமைவதும், சுகாதாரப் பணியாளர் இவற்றின் பெயரையே அறியாதிருப்பதும் ஒரே பிளவின் இருபுறங்கள். அப்பிளவை நிரப்புவது பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கும் மருத்துவத் துறைகளுக்கும் பொதுவான கடமையாகும். திம்புள்ளவின் சரிவுகளில் பிறந்து இன்று பல்கலைக்கழகங்களில் பயிலும் தலைமுறையினர் அவ்விரு துறைகளிலும் உளர். நலவாழ்வுப் பாடத்தை லயத்தின் உள்ளிருந்து எழுதும் தகுதி அவர்களுக்கே முதலில் உண்டு. எழுதும் காலமும் வந்துவிட்டது.